ஜெபத்துக்குக் கழற்றிய ஹெல்மெட்

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதன் பிறகு இந்தப் பெங்களூரில் பஸ் பலகை கன்னடம், ஆஸ்பத்திரிச் சீட்டு இங்கிலீஷ். தமிழில் எழுத எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சபைப் பத்திரிகையில் போடுகிறவர்கள் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம். அது நடந்தபடியே இருக்கட்டும்.

என் பெயர் ஜெயபால். வயது நாற்பத்தெட்டு. ஸ்ரீராம்புரத்தில் குடியிருக்கிறேன். சிவாஜிநகரில் ஒரு குஷன் கடையில் சோபாவும் கார் சீட்டும் தைக்கிறேன். சபையில் பலருக்கு என் முகம் தெரியும், குரல் தெரியாது. கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்காருகிறவன் நான்தான். பாஸ்டர் என்னை மூன்று முறை சாட்சி சொல்லக் கூப்பிட்டார். மூன்று முறையும் மைக் வரைக்கும் போனேன். "ஆண்டவருக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். எதற்கு நன்றி என்பது வாயில் வரவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் பிள்ளை இல்லை. 2022 டிசம்பரில் என் மனைவி சலோமிக்கு எட்டாம் மாதத்திலேயே வலி வந்து பையன் பிறந்தான். ஒன்றரைக் கிலோ இருந்தான். ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் மல்லாந்தே கிடந்தான். முகம் எப்போதும் வலது பக்கம் திரும்பியிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அப்படியே படுத்தான். பிள்ளை பிழைத்ததே பெரிது என்று இருந்த எங்களுக்கு அது கண்ணில் படவில்லை. யோவேல் என்று பெயர் வைத்தோம்.

நாலாம் மாதம் ஒரு நாள் அவனைக் குளிப்பாட்டிவிட்டுத் தலை ஈரமாக இருக்கும்போது மேலே இருந்து பார்த்தேன். தலையின் பின்பக்கம் வலது புறம் தட்டையாக இருந்தது. ஒரு பக்கமே சாய்ந்து சாய்ந்து பஞ்சு அமுங்கிப்போன திண்டு மாதிரி. வலது காது இடது காதைவிட ஒரு விரல் அகலம் முன்னால் வந்திருந்தது. குஷன் வேலைக்காரனுக்குக் கண் அளவு தப்பாது. அந்த ஒரு தடவை தப்பியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

பக்கத்து வீடுகளில் ஆளுக்கொன்று சொன்னார்கள். விளக்கெண்ணெய் தேய்த்து உருட்டிவிட்டால் சரியாகும் என்றார்கள். கேழ்வரகு அடைத்த தலையணை வை என்றார்கள். நானே ஒன்று தைத்தேன். அதிலும் அவன் வலது பக்கமே திரும்பிக்கொண்டான். 2023 ஜூலையில் பெரிய டாக்டரிடம் போனோம். கழுத்தில் ஒரு பக்கத்துத் தசை இறுகியிருக்கிறது, அதனால்தான் ஒரே பக்கம் படுத்துத் தலை தட்டையாகிவிட்டது என்றார். தலையை அளவெடுத்து ஒரு ஹெல்மெட் செய்து கொடுத்தார்கள். வளருகிற தலை, இடம் இருக்கிற பக்கமாக வளர்ந்து உருண்டையாகும் என்று சொன்னார்கள்.

டாக்டர் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து வேகமாகப் பேசினார். ஒரு நாளில் இருபத்து மூன்று மணி நேரம் ஹெல்மெட் தலையில் இருக்க வேண்டும். குளிப்பாட்டவும் துடைக்கவும் ஒரு மணி நேரம் கழற்றலாம். பிள்ளை விழித்திருக்கும்போது குப்புறப் படுக்க வைத்துப் பழக்க வேண்டும். தூங்கும்போது மல்லாந்துதான் தூங்க வேண்டும். இவ்வளவும் காதில் விழுந்தது. ஏன், எப்படி, எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. "அர்த்த ஆய்த்தா?" என்றார். புரிந்ததா என்று கேட்கிறார். தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் அதிகம் செய்த வேலை அதுதான்.

ஹெல்மெட் நீல நிறம். அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஆட்டோக்காரர், "என்ன குரு, பாப்பாவுக்கும் போலீஸ் பைன் போட ஆரம்பிச்சிட்டாங்களா?" என்றார். சலோமி சிரித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தெருவில் பையன்கள், வண்டி எங்கே, வண்டி எங்கே என்று பின்னாலேயே வந்தார்கள். இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். என்னால் தாங்க முடியாமல் போனது வேறொன்று.

நம் சபையில் ஜெபம் என்றால் பெண்கள் முக்காடு போடுவார்கள். ஆண்கள் தொப்பியோ மப்ளரோ எதுவானாலும் தலையிலிருந்து எடுத்துவிடுவோம். சிறு வயதிலிருந்து எனக்கு அது இரத்தத்தில் ஊறியது. ஹெல்மெட் போட்ட முதல் ஞாயிறு, ஜெபம் தொடங்கியபோது, முன் வரிசையிலிருந்து தேவசகாயம் ஐயா திரும்பி எங்களைப் பார்த்தார். அவர் சபையில் மூத்தவர். எல்லாரும் பயப்படும் கண் அவருக்கு. பார்த்தார், அவ்வளவுதான். நான் உடனே யோவேலின் ஹெல்மெட்டைக் கழற்றிப் பெஞ்சுக்கடியில் வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஜெபத்துக்கும் கழற்றினேன். காலை ஜெபம் முக்கால் மணி நேரம். சாயங்காலக் குடும்ப ஜெபம் ஒரு மணி நேரம். சாப்பாட்டு ஜெபம். செவ்வாய்க்கிழமை வீட்டுக் கூட்டம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும். ஞாயிறு ஆராதனை மூன்று மணி நேரம். அதோடு பிள்ளையின் தலைக்காகத் தனி ஜெபம் வேறு ஆரம்பித்தோம். பாரம் கூடக் கூட ஜெபத்தின் நேரமும் கூடியது. ஜெபம் முடிந்து அவன் தூங்கிப்போனால், எழுப்ப வேண்டாம் என்று அப்படியே விட்டுவிடுவோம்.

சலோமி ஒரு முறை மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, டாக்டர் கழட்டவே கூடாதுன்னாரே?"

"ஆண்டவர் முன்னாடி அவன் தலைய மூடிக்கிட்டு இருக்கணுமா?" என்றேன்.

நான் என்னவோ பக்தியாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

குப்புறப் படுக்க வைப்பதும் நடக்கவில்லை. கடையிலிருந்து நல்ல மெத்தென்ற போம் பஞ்சு கொண்டுவந்து அவனுக்கு ஒரு மெத்தை தைத்திருந்தேன். அதில் கவிழ்த்தால் முகம் புதைந்துவிடும். ஹெல்மெட்டின் பாரம் வேறு. வீறிட்டு அழுவான். ஒரு நிமிடத்தில் தூக்கிவிடுவோம். எதிர்வீட்டு அக்கா, "புள்ள தானா கவுந்துக்கணும். நாம கவுத்துப் போட்டா நெஞ்சு அடைச்சிக்கும்" என்று பயமுறுத்திவிட்டார். பிள்ளை முதல் முறை தானாகக் குப்புற விழுந்தால் கொழுக்கட்டை செய்து தெருவுக்கே கொடுப்பார்கள். அந்த நாளுக்குக் காத்திருந்தோம். காத்திருந்த நாளெல்லாம் அவன் மடியிலும் தூளியிலும் கிடந்தான்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் அளவெடுப்பார்கள். பிசியோதெரபி பார்க்கிற நஸ்ரீன் என்கிற பெண்தான் எங்கள் பிள்ளையைக் கவனித்தது. எப்போதும் தலையில் துணி சுற்றியிருக்கும். என்னை அண்ணா என்று கூப்பிடும். ஆகஸ்ட் மாதக் கடைசியில் மூன்றாம் முறை போனபோது, அளவெடுத்த கருவியைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் எடுத்து அளந்தது. தலையில் மாற்றமே இல்லை.

பிறகு யோவேலைக் கவிழ்த்துப் பார்த்தது. அவன் தலையைத் தூக்கவே இல்லை. முகத்தைப் பாயில் வைத்துக்கொண்டு அழுதான். கையை ஊன்றவில்லை. அவனுக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. முன்கூட்டிப் பிறந்ததைக் கழித்துக்கொண்டாலும் இது தாமதம்தான் என்றது. டாக்டரைக் கூப்பிட்டது. டாக்டர் கையைக் காலைப் பிடித்துப் பார்த்தார். ஒரு மாதம் பார்க்கலாம், அதற்குள் முன்னேற்றம் இல்லையென்றால் மூளையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். தலை எலும்பும் மாதத்துக்கு மாதம் இறுகும், ஒரு வயதுக்கு மேலே போனால் ஹெல்மெட்டால் பெரிய பலன் இருக்காது என்றார்.

நஸ்ரீன் ஒரு தாள் கொடுத்தது. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாள். ஹெல்மெட் தலையில் இல்லாத நேரத்தையெல்லாம் அதில் எழுதி அடுத்த வாரம் கொண்டு வரச் சொன்னது.

பஸ்ஸில் திரும்பினோம். ஸ்ரீராம்புரத்தில் இறங்கும்போது சலோமி என் பக்கம் திரும்பினாள். "இவன் நடப்பானாங்க?" என்றாள். பதினோரு வருடம் கேட்டு வாங்கின பிள்ளை. பெட்டிக்குள் மூச்சு விடத் தெரியாமல் கிடந்து பிழைத்த பிள்ளை. இவன் தலை நிமிராமலே போய்விடுவானோ என்று அன்றைக்கு நான் முதல் முறையாக நினைத்தேன். ஆண்டவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இவ்வளவு ஜெபித்தும் ஏன் என்று கேட்டேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. காலை பதினோரு மணி இருக்கும். சலோமி துணி துவைக்க மாடிக்குப் போயிருந்தாள். யோவேல் பால் கக்கியதால் அவனுடைய போம் மெத்தையும் மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. வெறும் சிமெண்டுத் தரையில் ஒரு ஜமக்காளம் மட்டும் விரித்திருந்தது. ஜெபிக்க வேண்டும் போல இருந்தது. வழக்கம்போல அவன் ஹெல்மெட்டைக் கழற்றினேன். ஆஸ்பத்திரியில் சொன்னார்களே என்று அவனைக் குப்புறக் கிடத்தினேன். அவன் அழுதான். நம் சபையில் தாங்க முடியாத பாரம் வந்தால் முகங்குப்புற விழுந்து ஜெபிப்போம் அல்லவா? அப்படியே அவனுக்கு எதிரில் தரையில் விழுந்தேன்.

என்ன ஜெபித்தேன் என்று தெரியாது. வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, எனக்குத் தெரியலை, எனக்குத் தெரியலை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் அழுகை நின்றது. பயந்துபோய் நிமிர்ந்து பார்த்தேன்.

யோவேல் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கழுத்து ஆடியது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. இரண்டு மூச்சு நேரம் இருக்கும். தலை தொப்பென்று விழுந்தது. நான் அசையவில்லை. மறுபடியும் தூக்கினான். மறுபடியும் என் முகத்தைத் தேடினான். பார்த்ததும் சிரித்தான்.

நான் கத்தியது மாடிக்குக் கேட்டிருக்கிறது. சலோமி ஈரக் கையோடு ஓடிவந்தாள். அவள் நின்றுகொண்டே கூப்பிட்டாள். கை தட்டினாள். அவன் தூக்கவில்லை. அவள் என்னைப் பார்த்து, "நீங்க மறுபடி விழுங்க" என்றாள். விழுந்தேன். தூக்கினான். அவளும் முந்தானை தரையில் புரள என் பக்கத்தில் படுத்தாள். மூன்று பேரும் தரையில் கிடந்து ஒருவரை ஒருவர் பார்த்து அழுதோம். அழுதது நாங்கள் இரண்டு பேர்தான். அவன் சிரித்தான்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் நஸ்ரீனிடம் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் அந்த அறையிலேயே தரையில் படுத்துக் காட்டினேன். ஏழெட்டுத் தாய்மார்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் காது சூடாகிவிட்டது. யோவேல் எனக்காகத் தலையைத் தூக்கினான்.

"இதத்தான் அண்ணா நாங்க தெனமும் சொல்றது. எல்லாரும் மேலேர்ந்து கூப்புடுறாங்க. புள்ள கீழ இருக்குது. அது கண்ணுக்கு நேரா மொகம் தெரிஞ்சாத்தான் தூக்கும். மெத்துனு இருக்குற மெத்தைல போட்டா கை ஊன முடியாது. உங்க வீட்டுத் தரைதான் நல்ல மெத்தை," என்றது நஸ்ரீன்.

தலை தூக்கினால் கை ஊன்றுவான், கை ஊன்றினால் உருளுவான், உருண்டால் உட்காருவான், ஒன்றிலிருந்துதான் அடுத்தது வரும் என்று சொல்லிக் கொடுத்தது. மடியிலும் தூளியிலும் கிடந்தால் கழுத்துக்கும் வேலை இல்லை, கைக்கும் வேலை இல்லை என்றது. ஹெல்மெட் பாரமாக இருக்குமே என்று நான் கேட்டேன். ஆம், நான்தான் கேட்டேன். அது ஒரு மாம்பழ எடைகூட இருக்காது, ஹெல்மெட்டோடு தூக்கினால்தான் கழுத்துக்குப் பலம் வரும் என்றது.

பிறகு நான் எழுதிக் கொண்டுபோன தாளை வாங்கிப் பார்த்தது. அதற்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சலோமியைப் படிக்கச் சொன்னது. சலோமி விரல் வைத்துப் படித்தாள். காலை, ஜெபம். மத்தியானம், ஜெபம். சாயங்காலம், ஜெபம். ஜெபம் முடிந்து தூக்கம். வெள்ளி, உபவாச ஜெபம். படிக்கப் படிக்க அவள் குரல் தாழ்ந்தது. நஸ்ரீன் எழுதிக் கூட்டியது. இருபத்து மூன்று மணி நேரம் தலையில் இருக்க வேண்டிய ஹெல்மெட், பல நாளில் பதினாறு மணி நேரம்கூட இல்லை.

"ஜெபத்துக்கு எதுக்கு அண்ணா கழட்டுறீங்க?"

ஆண்டவர் முன்னால் ஆண்பிள்ளை தலையை மூடக் கூடாது என்று சொன்னேன். அது சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தன் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டது.

"நாங்க தலைய மூடிக்கிட்டுத்தான் தொழுவோம். உங்க வழக்கம் எனக்குத் தெரியாது, நான் சொல்லவும் கூடாது. உங்க ஆளுங்ககிட்ட நீங்களே கேளுங்க. ஆனா சீக்கிரம் கேளுங்கண்ணா. எலும்பு வெயிட் பண்ணாது."

நான் என் கையாலேயே என் பிள்ளையின் நாட்களைக் கழற்றிப் பெஞ்சுக்கடியில் வைத்திருக்கிறேன். அன்றைக்கு அது எனக்குப் புரிந்தது. ஆனாலும் நானாக முடிவெடுக்கப் பயம். கேட்க வேண்டும். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன் கேட்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனோம். அன்றைக்கும் ஹெல்மெட்டைக் கழற்றிப் பெஞ்சுக்கடியில்தான் வைத்தேன். ஜெப விண்ணப்பம் சொல்கிற நேரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். சபை முழுக்கத் திரும்பியது. சலோமி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"பாஸ்டர், ஒரு கேள்வி. என் பையன் ஹெல்மெட்டோட ஜெபத்துல இருக்கலாமா? நான் இத்தன நாளா கழட்டிட்டேன். அதனால தலை சரியாகல."

அவ்வளவுதான் சொன்னேன்.

பாஸ்டர் மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். "ஜெயபால் பிரதர், கால்ல மாவுக்கட்டுப் போட்டவன் கட்ட அவுத்துட்டா முழங்கால் போடுவான்? இது தொப்பி இல்லைங்க. மருந்து. நீங்க முதல் நாளே கேட்டிருக்கலாமே," என்றார். சொல்லிவிட்டு அவரே பெஞ்சுக்கடியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தார். எந்தப் பக்கம் முன்னால் என்று அவருக்குத் தெரியவில்லை. நான்தான் வாங்கிப் போட்டுவிட்டேன்.

நான் தேவசகாயம் ஐயாவைப் பார்த்தேன். அவர் இன்னும் அதே கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் அவரிடம் போய், அன்றைக்கு உங்கள் மனம் வருத்தப்பட்டிருந்தால் மன்னியுங்கள் என்றேன். எந்த அன்றைக்கு என்றார். சொன்னேன்.

"நானா மொறச்சேன்? எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை, தம்பி. ஆறு மாசமா எல்லாரையும் இப்பிடித்தான் பாக்குறேன். புள்ள தலைல என்னமோ நீலமா தெரிஞ்சிது. பலூனோன்னு பாத்தேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு கேள்வி கேட்காததால் எத்தனை நாள் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். ஆனால் கோபம் இல்லை. ஆண்டவர் பதில் தரவில்லை என்று கோபப்பட்டேனே, அவர் எனக்குப் பதிலை மட்டும் அல்ல, கேட்கிற வாயையும் சேர்த்துத் தந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜெபம் மாறியது. ஹெல்மெட்டோடு யோவேலை நடுவில் குப்புறக் கிடத்துவோம். நாங்கள் இரண்டு பேரும் அவன் கண்ணுக்கு நேராக முகங்குப்புற விழுவோம். முதலில் இரண்டு நிமிடம், அப்புறம் ஐந்து நிமிடம். அவன் களைத்தால் தூக்கிக்கொள்வோம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். கடையில் கெட்டியான போம் துண்டு எடுத்து, ரெக்சின் போட்டு, என் கை தடிமனுக்கு ஒரு சின்ன உருளைத் திண்டு தைத்தேன். அதை நெஞ்சுக்கடியில் வைத்தால் கை ஊன்ற வசதியாக இருந்தது. நஸ்ரீன் அதைப் பார்த்துவிட்டு அங்கே வருகிற பிள்ளைகளுக்கு இன்னும் நாலு வேண்டும் என்று கேட்டது. தைத்துக் கொடுத்தேன்.

இடது பக்கம் திரும்புவதுதான் அவனுக்குக் கஷ்டம். அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் தேவசகாயம் ஐயா அந்த வேலையை எடுத்துக்கொண்டார். முழங்கால் வலியோடு கீழே இறங்கி அவனுக்கு இடது பக்கம் படுத்துப் பாட்டுப் பாடுவார். பிறகு அவரை எழுப்ப இரண்டு சகோதரர்கள் வேண்டும். "நான் படுத்தா எழுந்திருக்க மாட்டேன், இவன எழுந்திருக்காம விடமாட்டேன்," என்பார்.

செப்டம்பர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. ஸ்கேன் நாளுக்கு நாலு நாள் இருந்தது. சபையில் பத்துப் பன்னிரண்டு பேர் யோவேலைச் சுற்றித் தரையில் விழுந்து ஜெபித்தோம். தேவசகாயம் ஐயா சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். அவர் ஜெபம் நீளமானது என்று உங்களுக்குத் தெரியும். எல்லாருடைய கண்ணும் மூடியிருந்தது. நான் மட்டும் கண்ணைத் திறந்தேன். அது தவறென்றால் ஆண்டவர் மன்னிக்கட்டும்.

யோவேல் இரண்டு கையையும் ஊன்றி நெஞ்சைத் தூக்கினான். இடது பக்கம், ஐயா குரல் வந்த பக்கம், தலையைத் திருப்பினான். ஹெல்மெட் சாய்ந்தது. அந்தப் பாரத்தோடேயே தோள் சாய்ந்தது. இடுப்பு சாய்ந்தது. அவன் மெதுவாக உருண்டு மல்லாந்தான். தானாக. யாரும் தொடாமல். கூரையைப் பார்த்துத் திகைத்துப்போய்ப் படுத்திருந்தான்.

நான் ஜெபத்தின் நடுவில் சத்தம் போடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். ஐயா ஆமென் சொல்லுகிற வரைக்கும் அந்தச் சந்தோஷத்தை நான் ஒருவனாகவே வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்த சலோமி, "யாருங்க இவனத் திருப்பிப் போட்டது?" என்றாள்.

"யாரும் இல்ல," என்றேன்.

அவள் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரி மேஜையில் அவன் அதே வேலையை டாக்டருக்கு முன்னால் செய்தான். மல்லாக்கப் போட்டதும் திரும்பிக் கவிழவும் செய்தான். தலை அளவும் மாறத் தொடங்கியிருந்தது. டாக்டர் ஸ்கேன் இப்போது வேண்டாம் என்றார். மேலும் என்னவெல்லாமோ வேகமாகச் சொன்னார். "அர்த்த ஆய்த்தா?" என்றார். நான் தலையை ஆட்டவில்லை. "ஆகில்லா டாக்டர், இன்னொந்து சலா ஹேளி," என்றேன். புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். எல்லாம் புரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் சலோமி கொழுக்கட்டை செய்தாள். எதிர்வீட்டு அக்காவுக்கு முதல் தட்டு.

நவம்பரில் யோவேல் உட்கார்ந்தான். டிசம்பரில், கிறிஸ்துமசுக்கு முன்னால், ஹெல்மெட்டை ஒரேயடியாகக் கழற்றினார்கள். தலை முழு உருண்டை என்று பொய் சொல்லமாட்டேன். வலது புறம் கையால் தடவினால் இன்னும் கொஞ்சம் தட்டையாகத் தெரியும். முடி மூடிவிட்டது. காது இரண்டும் கிட்டத்தட்ட நேருக்கு வந்துவிட்டது. இந்த வருடம் ஜூன் மாதம், ஞாயிறு ஆராதனை நடுவில், தூணைப் பிடித்து நின்றுகொண்டிருந்தவன் கையை விட்டான். ஐந்து எட்டு வைத்து முன் வரிசையை நோக்கிப் போனான். ஐயாவுக்குக் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்திருந்தது. அவர்தான் முதலில் பார்த்தார்.

எங்கள் கடையில் கூட வேலை செய்கிறவர், எல்லாம் அந்தப் பயிற்சியால்தானே சரியானது, இதில் ஜெபம் எங்கே வந்தது என்று கேட்டார். நான் வாதாடுகிறவன் இல்லை. பயிற்சியால்தான் சரியானது. ஆனால் என்னைத் தரையில் விழ வைத்தது எது? ஊமை மாதிரி இருந்தவனை எழுந்து கேட்க வைத்தது யார்? எனக்கு அது தெரியும். அது போதும்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பிள்ளை இருந்தால் பயப்படாதீர்கள். ஜெபியுங்கள். ஜெபத்துக்காக ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். பிள்ளை விழித்திருக்கும்போது கெட்டியான தரையில் குப்புறப் போடுங்கள், பக்கத்தை விட்டுப் போகாதீர்கள். மேலே நின்று கூப்பிடாமல் நீங்களும் தரைக்கு இறங்குங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று கேளுங்கள். டாக்டரிடமும் கேளுங்கள், ஆண்டவரிடமும் கேளுங்கள். நான் பிள்ளையின் தலைக்காகக் கேட்டேன். அவர் என் தலையையும் நிமிர்த்திவிட்டார்.

இதை எழுதி முடிக்க எனக்குப் பத்து மாதம் ஆனது. சலோமியிடம் கொடுத்துச் சபையில் வாசிக்கச் சொல்வதாக இருந்தேன். நேற்று அவளிடம் கொடுத்தபோது திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டாள். சரி என்றேன். நாளைக்கு நானே வாசிக்கிறேன். குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். யோவேல் பக்கத்தில் நிற்பான்.

ஜெயபால்,
ஸ்ரீராம்புரம், பெங்களூர்.
2024 நவம்பர் 16, சனிக்கிழமை.